சி.ஆர்.எம். மென்பொருளில் புதிய அப்டேட் வந்திருக்கிறது. புது வசதிகளை எல்லாம் உடனே ஆன் செய்யலாமா?

நீங்கள் கொடுத்திருக்கும் விவரம் இவ்வளவுதான்: கம்பெனியில் பயன்படுத்தும் சி.ஆர்.எம்.முக்கு, அதாவது வாடிக்கையாளர் விவரங்களையும் விற்பனையையும் கவனிக்கும் மென்பொருளுக்கு, பெரிய அப்டேட் வந்திருக்கிறது. யார் வாங்குவார் என்று கணிக்கும் ஏ.ஐ. மதிப்பெண், டூப்ளிகேட்களைத் தானாக இணைப்பது, வாட்ஸ்அப் என்று ஏழெட்டு புது வசதிகள். எதை முதலில் ஆன் செய்வது என்று கேட்கிறீர்கள். மீதியை நான் ஊகித்துக்கொள்கிறேன். இருபது முப்பது பேர் வேலை பார்க்கும் இடம். ஐ.டி.க்கென்று தனி ஆள் கிடையாது. "உனக்குத்தான் கம்ப்யூட்டர் தெரியுமே" என்று உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். முதலாளி அறிமுக வீடியோவைப் பார்த்துவிட்டு "எல்லாத்தையும் போட்டுடு" என்று சொல்லியிருக்கிறார். தப்பாக இருந்தால் மன்னியுங்கள். 2021இல் நான் அப்படித்தான் மாட்டினேன்.

நான் சாஃப்ட்வேர் ஆள் இல்லை. கோவையில் பம்ப்செட் விற்கும் ஒரு நிறுவனத்தில் சேல்ஸ் கோஆர்டினேட்டர். என்ன மென்பொருள் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் பாதிப் பேர் அதன் ஏஜென்ட் என்பீர்கள், மீதிப் பேர் போட்டிக் கம்பெனி ஆள் என்பீர்கள்.

டூப்ளிகேட் இணைப்பிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதில்தான் என் கை சுட்டது.

எங்களிடம் பதினைந்து வருஷ என்கொயரி ரெஜிஸ்டர் நோட்டுகள் இருந்தன. அவற்றை எக்செலில் ஏற்றி, எக்செலிலிருந்து சி.ஆர்.எம்.முக்கு ஏற்றினோம். ஒரே ஆள் நாலு விதமாக இருப்பார். பழனிசாமி என்ற பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் 'சாமி' என்று ஒருவர் அடித்திருப்பார், 'ஸ்வாமி' என்று இன்னொருவர். ழகரத்துக்கு எல் போட்டவர் உண்டு, இசட் எச் போட்டவர் உண்டு. இனிஷியல் முன்னால் ஒரு தடவை, பின்னால் ஒரு தடவை. போன் நம்பரில் பிளஸ் 91 ஒன்று, முன்னால் பூஜ்யம் போட்டது ஒன்று, நடுவில் இடைவெளி விட்டது ஒன்று. நான் பார்த்த சி.ஆர்.எம்.களில் எல்லாம் 'லாஸ்ட் நேம்' கட்டாயம், அதை நிரப்பாமல் சேவ் ஆகாது. நம் ஆட்களுக்கு ஏது லாஸ்ட் நேம்? அப்பா பேரின் முதல் எழுத்துத்தான். ஆகவே அந்தக் கட்டத்தில் எங்கள் பையன்கள் இனிஷியல் போட்டார்கள், ஊர்ப் பெயர் போட்டார்கள், ஒருவன் வெறும் புள்ளி வைத்துக்கொண்டே போயிருந்தான்.

இப்படிப்பட்ட குப்பையை அப்டேட் தானே பெருக்கித் தள்ளும் என்று சொன்னால் யார்தான் மயங்க மாட்டார்கள்? மூன்று டிக் பெட்டிகள் இருந்தன: ஈமெயில் ஒன்றாக இருந்தால் இணை, போன் நம்பர் ஒன்றாக இருந்தால் இணை, பெயரும் ஊரும் ஒன்றாக இருந்தால் இணை. விவசாயிகளுக்கு ஈமெயில் இல்லை. பெயரை நம்ப முடியாது. நம்பர்தானே ஒரு ஆளுக்கு ஒன்று என்று நடுப்பெட்டியை மட்டும் டிக் செய்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அது ஜூலை மாதம், சனிக்கிழமை. திங்கள் காலை வந்து பார்த்தால் 1,140 பதிவுகள் குறைந்திருந்தன. முதலாளிக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பினேன். கட்டைவிரல் வந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் பொள்ளாச்சிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவர் நேரிலேயே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் மொபைல். எங்கள் மெசேஜைத் திறந்து மேஜைமேல் வைத்தார். "தங்கள் கொட்டேஷன் நிலுவையில் உள்ளது" என்று போயிருக்கிறது, கீழே இணைப்பு. அவர் கேட்டது ஏழரை எச்.பி. மோட்டாருக்கு. அதில் இருந்தது பத்து எச்.பி., தொள்ளாயிரம் அடி போர், அவருக்குச் சொன்னதைவிடக் கூடுதல் தள்ளுபடி. அது அவருடைய தம்பியின் கொட்டேஷன்.

இரண்டு பேரும் பங்கு பிரித்தவர்கள், பேச்சுவார்த்தை இல்லை. கூட்டுக் குடும்பமாக இருந்த காலத்தில் ரெஜிஸ்டரில் இரண்டு பேருக்கும் அண்ணன் நம்பர்தான் எழுதியிருந்தது. தம்பியின் சொந்த நம்பர் 'மாற்று எண்' கட்டத்தில் இருந்தது, அந்தக் கட்டத்தை விதி பார்க்காது. இரண்டு பதிவில் பழையது எதுவோ அதைத் தாய்ப் பதிவாக வைத்துக்கொண்டு, மற்றதன் கொட்டேஷன், குறிப்பு, எல்லாவற்றையும் அதற்குள் கொட்டிவிட்டது. வேலி ஓரத்தில் தம்பி போர் போடுகிறான், அதுவும் தன் போரைவிட ஆழமாக என்பது எங்கள் மெசேஜ் வழியாகத்தான் அண்ணனுக்குத் தெரிந்தது.

சத்தம் போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. தண்ணி வாங்கிக் குடித்துவிட்டு, "தம்பி, எங்கப்பன் சொத்தைப் பிரிக்க எங்களுக்குப் பதினோரு வருசம் ஆச்சுங்க. உங்க கம்ப்யூட்டரு ஒரே ராத்திரியில சேர்த்துப்போட்டுதுங்களே" என்றார்.

சரி, இணைத்ததைப் பிரித்துவிடலாம் என்று பார்த்தால் அதற்குப் பட்டன் இல்லை. பெரும்பாலான சி.ஆர்.எம்.களில் இதுதான் நிலைமை. இணைப்பது ஒரு கிளிக், பிரிப்பது கைவேலை. பழைய பேக்கப் எக்செலை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினேன். அப்போதுதான் இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். கிராமத்தில் மோட்டார் மாட்டும் மெக்கானிக்தான் எங்களிடம் ஆள் பிடித்துத் தருவார், தன் நம்பரையே எல்லோருக்கும் கொடுப்பார், கமிஷன் கைமாறிவிடக் கூடாது அல்லவா? அப்படி ஒரு மெக்கானிக் நம்பரின் கீழ் 23 விவசாயிகள் ஒரே மனிதராக ஆகியிருந்தார்கள். அந்த ஒரே மனிதருக்கு 23 கிணறு. ஏ.ஐ. அவரை எங்கள் முதல்தர வாடிக்கையாளர் என்று நட்சத்திரம் போட்டு வைத்திருந்தது.

"அது மென்பொருளின் தப்பு இல்லை, உங்கள் டேட்டாவின் தப்பு" என்று கீழே எழுதத் தயாராகும் நண்பருக்கு: ஒத்துக்கொள்கிறேன். டிக் செய்ததும் நான்தான். ஆனால் சுத்தமான டேட்டா இருக்கும் கம்பெனிக்கு டூப்ளிகேட் நீக்கும் வசதி எதற்கு?

ஏ.ஐ. மதிப்பெண்ணையும் கேட்டிருந்தீர்கள். 2016இல் சி.ஆர்.எம். விற்கும் சேல்ஸ்ஃபோர்ஸ் கம்பெனி 'ஐன்ஸ்டீன்' என்று பெயர் வைத்து ஏ.ஐ.யைக் கொண்டுவந்தது, அடுத்த வருஷம் ஜோஹோவில் 'ஜியா' வந்தது, அப்புறம் எல்லோரும் ஆளுக்கொரு பெயர் வைத்துவிட்டார்கள். அடிப்படை ஒன்றுதான். நீங்கள் இதுவரை முடித்த வியாபாரம், கைவிட்டுப் போன வியாபாரம் இரண்டையும் படித்து, புது லீட் (புதிதாக விசாரித்து வந்தவர்) எதன் சாயலில் இருக்கிறது என்று பார்த்து நம்பர் போடும். எங்கள் கதையில் 'ஏன் போனது' என்ற பட்டியலில் முதல் வரி 'விலை அதிகம்'. பையன்கள் எல்லாவற்றுக்கும் முதல் வரியைத்தான் தட்டியிருக்கிறார்கள். ஆகவே எங்கள் ஏ.ஐ. கற்றுக்கொண்ட ஒரே பாடம், விலை அதிகம். அதைச் சொல்லத்தான் எங்கள் டீலர்கள் ஏற்கெனவே இருக்கிறார்களே.

அதைவிட மோசம், 60 நாள் அசைவில்லாத லீட்டைத் தானாக மூடும் வசதி. ஃபிளாட் விற்பவருக்கோ கார் விற்பவருக்கோ அது சரியாக இருக்கலாம். எங்கள் தொழிலில் பாருங்கள். பங்குனி சித்திரையில் கிணறு வறண்டதும் விவசாயி மோட்டார் விலை கேட்பார். ஆனால் வாங்குவது இலவச மின் இணைப்பு கிடைத்த பிறகுதான், அதற்கு வருஷக்கணக்கில் வரிசையில் நிற்க வேண்டும். நடுவில் அவர் ஏன் எங்களுக்கு போன் செய்யப்போகிறார்? ஆகஸ்டில் அந்த வசதி எங்கள் பழைய என்கொயரிகளை வரிசையாக மூடிக்கொண்டே வந்தது, டாஷ்போர்டு பளிச்சென்று ஆனது. செப்டம்பரில் அரசு ஒரு லட்சம் விவசாய மின் இணைப்புத் திட்டத்தைத் தொடங்கியது. எத்தனையோ வருஷம் காத்திருந்தவர்களுக்கு வரிசையாக இணைப்பு வர ஆரம்பித்தபோது எங்கள் சேல்ஸ் பையன்களின் திரையில் அவர்கள் பெயரே இல்லை. ரெஜிஸ்டர் நோட்டைத் தூசி தட்டி எடுத்தோம். நோட்டு எதையும் மூடவில்லை.

வாட்ஸ்அப், எஸ்.எம்.எஸ். வசதி உண்மையிலேயே நல்லது. அதைக் குறை சொல்ல மாட்டேன். மென்பொருளுக்கு வெளியே இருக்கும் விதிகளை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்.எம்.எஸ். என்றால் அனுப்புபவர் பெயரையும் வாசகத்தையும் டெலிகாம் கம்பெனிகளின் டி.எல்.டி. என்ற பதிவுத் தளத்தில் பதிவு செய்திருக்க வேண்டும், இல்லையென்றால் போகாது. 2021 மார்ச்சில் அந்த வடிகட்டியை அமலாக்கிய அன்று நாடு முழுக்க வங்கி ஓ.டி.பி.யே நின்றுபோய், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் ஒரு வாரம் தள்ளிவைத்தது நினைவிருக்கும். வாட்ஸ்அப்பில் வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரை இஷ்டப்படி பதில் போடலாம், அதைத் தாண்டினால் முன்கூட்டியே அனுமதி வாங்கிய டெம்ப்ளேட் மட்டும்தான். 'அன்லிமிடெட்' என்று விற்பனையாளர் சொன்னால் எதற்கு அன்லிமிடெட் என்று திருப்பிக் கேளுங்கள்.

மொபைல் ஆப்பில் 'லொக்கேஷன் செக்-இன்' என்று ஒன்று வந்திருக்குமே? உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனால் இதைச் சொல்லாமல் முடியாது. எங்கள் மேனேஜர் அந்த அப்டேட்டில் ஆர்வமாகப் படித்தது அது ஒன்றைத்தான். யார் எந்த டீக்கடையில் எத்தனை நிமிஷம் நின்றார்கள் என்று மாலையில் மேப்பைப் பார்த்துப் படிப்பார். அதே ஜூலையில்தான் பெட்ரோல் லிட்டர் நூறைத் தாண்டியது. பையன்கள் கிலோமீட்டர் பேட்டாவை உயர்த்தக் கேட்டார்கள். ஆப் மீட்டருக்கு மீட்டர் கணக்கு வைத்திருக்கிறது, யார் எவ்வளவு ஓட்டினார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. இருந்தும் பேட்டா பழைய பேட்டாதான். கண்காணிக்க மட்டும் துல்லியம் வேண்டும், காசு கொடுக்க வேண்டாமா? சரி, விடுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். சேல்ஸ்ஃபோர்ஸ் மாதிரிப் பெரியவர்கள் வருஷத்துக்கு மூன்று முறை அப்டேட் விடுகிறார்கள், வாரக்கணக்கில் முன்னாலேயே 'சாண்ட்பாக்ஸ்' என்ற சோதனைப் பிரதியில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் பிளானில் சாண்ட்பாக்ஸ் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். எங்கள் மலிவு பிளானில் இல்லை. இல்லையென்றால் முழு டேட்டாவையும் எக்செலில் இறக்கி, போன் நம்பர் வரிசையில் அடுக்கிப் பாருங்கள். ஒரே நம்பரில் வெவ்வேறு பெயர்கள் எத்தனை என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். இணைப்பைத் தானியங்கியாக விடாமல் 'பரிந்துரை மட்டும்' என்று வைக்க முடிந்தால் அப்படி வையுங்கள். ஏ.ஐ. மதிப்பெண்ணை ஆன் செய்தாலும் ஒரு சீசன் முழுக்கச் சும்மா வேடிக்கை பாருங்கள்.

தம்பி அதற்குப் பிறகு எங்களிடம் வாங்கவில்லை. அண்ணன் ஏழரை எச்.பி.யை எங்களிடமே எடுத்தார், தம்பிக்குக் கொடுத்த அதே தள்ளுபடியில். அவர் பதிவு மறுபடி யாருடனும் சேர்ந்துவிடக் கூடாது என்று லாஸ்ட் நேம் கட்டத்தில் 'டூ நாட் மெர்ஜ்' என்று அடித்து வைத்தேன். அப்புறம் மறந்துவிட்டேன். அந்த வருஷத் தீபாவளிக்கு அவருக்குத் தானியங்கி வாழ்த்து போயிருக்கிறது: "அன்புள்ள திரு. டூ நாட் மெர்ஜ் அவர்களுக்கு". மறுநாள் போன் செய்து, "தம்பி, இது யாருங்க, எங்க பங்காளிகளா?" என்று கேட்டார்.