வாசகர் கேள்வி – பதில்: பவளத் தொட்டியில் நீரும் மின்சாரமும்

கேள்வி: என்னுடைய 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் வாரந்தோறும் கால்சியத்தைச் சோதிக்கிறேன். ஒவ்வொரு முறையும் லிட்டருக்கு 420 மில்லிகிராம் என்றே காட்டுகிறது. வாரம் ஒருமுறை பஃபர் கரைசலையும் ஊற்றுகிறேன். ஆனாலும் கல் பவளங்களின் கிளை நுனிகள் வெளுத்துக்கொண்டே போகின்றன. என்ன குறை?

பதில்: உங்கள் கேள்வியில் ஆல்கலினிட்டி, அதாவது நீரிலுள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு, என்ற சொல்லே இல்லை, என்னுடைய ஐயம் முழுவதும் அதன்மீதுதான். பவளம் தன் கூட்டைக் கட்டும்போது கால்சியத்தையும் கார்பனேட்டையும் ஏறத்தாழ மாறாத ஒரு விகிதத்தில் நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. கால்சியம் லிட்டருக்கு 20 மில்லிகிராம் குறைவதற்குள் ஆல்கலினிட்டி 2.8 டி.கே.எச். (ஆல்கலினிட்டியை அளக்கும் அலகு) இறங்கிவிடும். 420-இல் 20 குறைவதை வீட்டுச் சோதனைக் கிட் சரியாகக் காட்டுமா என்பதே சந்தேகம், ஏனெனில் பல கிட்களில் ஒரு சொட்டு கூடினாலே 10 அல்லது 20 மில்லிகிராம் மாறிவிடும். ஆனால் 8 டி.கே.எச்.-இலிருந்து 2.8 போனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் போய்விட்டது என்று பொருள். கால்சியம் அசையாமல் நிற்பதாகத் தெரியும் அதே வாரத்தில் ஆல்கலினிட்டி ஆறு நாள் சரிந்து, அதை உயர்த்தும் பஃபரை நீங்கள் ஊற்றும் ஏழாம் நாளில் ஒரே மூச்சில் ஏறுகிறது என்றே கருதுகிறேன். அந்தத் திடீர் ஏற்றத்தில்தான் நுனிகள் வெந்துபோகும்.

இரண்டு நாள் எதையும் ஊற்றாமல், இரு நாளும் ஒரே நேரத்தில், ஒரே கிட்டால் ஆல்கலினிட்டியை அளந்து பாருங்கள். இரு அளவுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடே உங்கள் தொட்டியின் ஒருநாள் செலவு. அந்த அளவை மட்டும் நாள்தோறும் ஈடுசெய்யுங்கள். இயற்கைக் கடல்நீரில் ஆல்கலினிட்டி 7 டி.கே.எச். அளவில் இருக்கும். 7-க்கும் 9-க்கும் இடையில் எந்த எண்ணில் நின்றாலும் சரி, நிலையாக நிற்பதுதான் முக்கியம். ஏற்ற வேண்டியிருந்தால் ஒரு நாளைக்கு 1 டி.கே.எச்.க்கு மேல் ஏற்ற வேண்டாம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் சுழியமாக இருக்கும் தொட்டியில் ஆல்கலினிட்டியை உயர்த்தி வைப்பதும் இதே வெளுப்பைத் தரக்கூடும் என்பதால், அவ்விரண்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக உப்புத்தன்மையைச் சரிபாருங்கள். அதை அளக்கும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் நன்னீரைக் கொண்டு சுழியத்தில் நிறுத்திவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். சுழியத்தில் சரியாக இருக்கும் கருவி, நமக்கு வேண்டிய ஆயிரத்துக்கு 35 என்ற இடத்தில் தவறிப்போவது உண்டு. ஆகவே 35-க்கென்றே விற்கப்படும் அளவீட்டுக் கரைசலைக் கொண்டு சரிசெய்யுங்கள். உப்பு குறைந்த நீரில் கால்சியம், மெக்னீசியம், ஆல்கலினிட்டி மூன்றும் சேர்ந்தே குறைவாகக் காட்டும்; நோய் ஒன்றிருக்க மருந்து மூன்று வாங்கிக்கொண்டிருப்போம். கிட்டின் காலாவதி நாளையும் பாருங்கள்.

கேள்வி: காலையில் பி.எச். 7.9, மாலையில் 8.2. இதைத் திருத்த வேண்டுமா?

பதில்: வேண்டாம். விளக்கொளியில் பாசிகள் கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் பகலில் ஏறுகிறது, இரவில் இறங்குகிறது.

கேள்வி: என் தொட்டியும் 300 லிட்டர்தான். மணிக்கு 3,000 லிட்டர் தள்ளும் பம்ப் ஒன்றை வைத்திருக்கிறேன். பாறைக்குப் பின்னால் அழுக்கு சேர்கிறது. இன்னும் பெரிய பம்ப் வாங்கலாமா?

பதில்: பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் தடையில்லாத நிலையில் கிடைக்கும் உச்ச அளவு. சம்ப்பிலிருந்து (தொட்டிக்குக் கீழே வைக்கும் துணைத்தொட்டி) மேலே நீரேற்றும் பம்ப் என்றால், உயரமும் குழாய் வளைவுகளும் அதில் கணிசமான பங்கை விழுங்கிவிடும். மென்பவளங்களுக்கு மணிக்குத் தொட்டிக் கொள்ளளவின் 10 முதல் 20 மடங்கும், கிளை விடும் கல் பவளங்களுக்கு அதைவிட மிகுதியும் ஓட்டம் தேவை என்பது பொதுவான கணக்கு.

ஆனால் உங்கள் சிக்கல் அளவைவிடத் திசையைச் சார்ந்தது. பவளத்தின் மேற்பரப்பை ஒட்டி அசையாத மெல்லிய நீர்ப்படலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. உயிர்வளியும் உணவும் அதைக் கடந்தே உள்ளே வரவேண்டும், கழிவும் அதைக் கடந்தே வெளியேற வேண்டும். மாறிமாறி அடிக்கும் நீர் அந்தப் படலத்தை மெலிதாக்கும். ஒரே இடத்தில் குழாய்போலப் பீய்ச்சும் நீர் ஒருபுறம் சதையைக் கிழித்து, மறுபுறம் தேக்கத்தை உண்டாக்கும். ஒரு பெரிய பம்ப்புக்குப் பதில் இரண்டு சிறியவற்றை எதிரெதிர்ச் சுவர்களில் பொருத்தி, அவற்றின் ஓட்டங்கள் நடுவில் மோதிக் குலையுமாறு திருப்பி வையுங்கள். பிறகு சிறிது மீனுணவைத் தூவி, அது எங்கே போய்ப் படிகிறது என்று பாருங்கள். அந்த இடம்தான் ஓட்டம் சேராத மூலை.

கேள்வி: தொட்டி நீரில் கை வைத்தால் லேசாகச் சுள்ளென்கிறது. மல்டிமீட்டர் 40 வோல்ட் காட்டுகிறது. தூண்டலால் வரும் மின்னழுத்தம்தான், ஆபத்தில்லை என்கிறார் நண்பர். எர்த் கம்பி ஒன்றை நீரில் விட்டால் போதுமா?

பதில்: முதலில் மெயின் ஸ்விட்சை அணையுங்கள்; இந்தப் பதிலை மீதி படிப்பது அதற்குப் பிறகு இருக்கட்டும். பம்ப்புகளின் காந்தப்புலத்தாலும் பிறவற்றாலும் மீட்டரில் மட்டும் தெரியும் பொய் மின்னழுத்தம் உண்டு என்பது மெய்தான். ஆனால் கையில் சுள்ளென்று உணர்ந்த பிறகு அந்த விளக்கத்தை நம்பி இருப்பது அறிவுடைமை ஆகாது.

எல்லாப் பிளக்குகளையும் கழற்றிவிட்டு, மீட்டரின் ஒரு முனை நீரிலும் மறுமுனை எர்த்திலும் இருக்க, ஒவ்வொரு கருவியாகச் செருகிப் பாருங்கள். மீட்டர் சட்டென்று எகிறும்போது செருகிய கருவி குற்றவாளி. இந்தச் சோதனை முடியும்வரை நீரைத் தொடக் கூடாது. பெரும்பாலும் கண்ணாடி விரிசல் விட்ட ஹீட்டராகவே இருக்கும். நீர் மாற்றும்போது அணைக்க மறந்து, சூடான ஹீட்டர் காற்றில் நின்று, பிறகு குளிர்ந்த நீர் பட்டு வெடிப்பது வழக்கமாக நடப்பதுதான். நானும் அப்படி ஒன்றை இழந்திருக்கிறேன்.

எம்.சி.பி. இருக்கிறதே என்று எண்ணாதீர்கள். அது மிகைச் சுமையிலிருந்து கம்பியைக் காப்பது. மனிதரைக் காப்பது 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. அதன் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அது இல்லாமல் நீரில் எர்த் கம்பி மட்டும் விட்டால், கசிவு நிற்காமல் ஓடிக்கொண்டே இருப்பதற்கு ஒரு வழியைத் திறந்துவிட்டதாகும், கை வைப்பவரும் அந்த வழியில் சேர்ந்துகொள்ளலாம். ஆர்.சி.சி.பி.யுடன் சேரும்போது, கசிவு தொடங்கியவுடன் யாரும் தொடுவதற்கு முன்பே மின்சாரத்தைத் துண்டிக்க அக்கம்பி உதவும். இயன்றால் இரண்டு ஆர்.சி.சி.பி.களில் கருவிகளைப் பிரித்து இணையுங்கள். நள்ளிரவில் ஒன்று துண்டித்தாலும் மற்றொன்றிலுள்ள பம்ப் நீரை அசைத்து மீன்களை மூச்சுத்திணறாமல் காக்கும். ஒவ்வொரு கம்பியும் சாக்கெட்டுக்குக் கீழே தொங்கி, வளைந்து, மேலேறி வரவேண்டும். கம்பிவழி வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும்.

கேள்வி: மின்தடையின்போது சம்ப் நிரம்பித் தரையெல்லாம் நீர். ஏன்?

பதில்: பம்ப் நின்றவுடன் மேல்தொட்டியின் நீர் அதே குழாய்வழியே பின்னோக்கி இறங்குகிறது. குழாயின் வாய்க்கருகே, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே சிறு துளையிடுங்கள். மட்டம் அதைத் தாண்டி இறங்கியதும் காற்று புகுந்து இறக்கம் நிற்கும். அந்தத் துளை பாசியால் அடைபடும், ஆகவே அவ்வப்போது குத்திவிடுங்கள். பிறகு பம்பை நீங்களே அணைத்து, சம்ப்பில் எந்தக் கோட்டில் நீர் நிற்கிறது என்று குறித்துவைத்து, அன்றாட நீர்மட்டத்தை அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள்.