கால் அங்குலத்துக்குள் ஒளிந்திருக்கும் அரை அங்குலம்

தையல் மேசை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: நகரியை அடுத்த ஏகாம்பரகுப்பத்தில் வசிக்கிறேன். ரவிக்கை, பாவாடை தைப்பதில் இருபது வருடப் பழக்கம் உண்டு. சென்னையில் பழைய புத்தகக் கடையொன்றில் கிடைத்த அமெரிக்க குவில்ட் (துண்டுகளை இணைத்த மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வை) புத்தகத்தைப் பார்த்து, ஒன்பது துண்டுகளைச் சேர்த்துத் தைக்கும் சதுரக் கட்டங்களில் பன்னிரண்டை முடித்துவிட்டேன். புத்தகத்தில் உள்ளபடியே மூன்றரை அங்குலச் சதுரங்களாகத்தான் துணியை வெட்டினேன். ஆனால் கட்டங்களுக்கு இடையில் வைப்பதற்காக, அதே புத்தகம் சொன்ன ஒன்பதரை அங்குல நீளத்தில் வெட்டிய பட்டிகள் அத்தனையும் கட்டத்தைத் தாண்டி அரை அங்குலம் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. இது அச்சுப்பிழையா, என் பிழையா? "பொந்த (பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் நம் ஊர்ப் போர்வை) தைக்கத் தெரிந்த வீட்டில் இதற்கொரு புத்தகமா" என்று மாமியார் வேறு சிரிக்கிறார்.

பதில்: அச்சுப்பிழை இல்லை, சகோதரி. நீட்டிக்கொண்டிருப்பது அரை அங்குலம் என்று அளந்து எழுதியிருக்கிறீர்கள். அந்த ஓர் அளவை வைத்துக்கொண்டு உங்கள் மிஷினைப் பார்க்காமலேயே காரணத்தைச் சொல்லிவிடலாம். ஒரு வரிசையில் மூன்றரை அங்குலச் சதுரங்கள் மூன்று இருக்கின்றன; தைப்பதற்கு முன் மொத்தம் பத்தரை அங்குலம். மூன்று துண்டுகளை இணைக்க இரண்டு தையல். ஒவ்வொரு தையலும் இரு பக்கத் துணியிலும் கால் கால் அங்குலத்தை, அதாவது நம் கணக்கில் இரண்டிரண்டு நூலை (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு) எடுத்துக்கொண்டால், இரண்டு தையலுக்கு ஓர் அங்குலம் போய் ஒன்பதரை நிற்கும். உங்களுக்கு ஒன்பதுதான் நிற்கிறது என்றால், இரண்டு நூல் விட வேண்டிய இடத்தில் மூன்று நூல் விட்டுத் தைத்திருக்கிறீர்கள். தையலுக்கு ஆறு நூல் வீதம் இரண்டு தையலுக்குப் பன்னிரண்டு நூல், அதாவது ஒன்றரை அங்குலம் உள்ளே போய்விட்டது.

ரவிக்கை தைத்துப் பழகிய கைக்கு இது இயல்பாக நேர்வதுதான். நாளைக்குப் பிரித்துவிட வேண்டியிருக்கும் என்று பக்கத் தையலில் தாராளமாகத் துணி விட்டுத் தைக்கிறோம்; ஒரு நூல் கூடினாலும் குறைந்தாலும் அது உள்ளே அடங்கிவிடுகிறது, உடுத்துகிறவருக்கும் தெரிவதில்லை. குவில்டில் அப்படி ஒளித்துக்கொள்ள இடமே கிடையாது. மேல்துணி முழுவதும் தையல்களாகவே இருப்பதால், ஒரு தையலில் ஒளிந்த ஒரு நூல் அடுத்த தையலில் இரண்டாகி, வரிசை முடிவதற்குள் விரல் அகலத்துக்கு வளர்ந்துவிடுகிறது. இந்தப் புத்தகங்களில் கால் அங்குலம் என்பது ஊருக்கெல்லாம் தெரிந்த விதி என்பதனால், முதல் அத்தியாயத்தில் ஒரு தடவை சொல்லிவிட்டு, பிறகு எந்தப் பக்கத்திலும் அதை நினைவூட்டுவதில்லை. நாமோ முதல் அத்தியாயத்தைப் புரட்டித் தள்ளிவிட்டு, வண்ணப் படம் இருக்கும் பக்கத்துக்கு நேராகப் போய்விடுகிறோம்.

துணியை அழுத்திப் பிடிக்கும் மிஷின் பாதத்தின் ஓரத்தோடு துணியின் ஓரத்தைச் சேர்த்து வைத்துத் தைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஊசியிலிருந்து பாதத்தின் ஓரம் வரை உள்ள தூரம் மிஷினுக்கு மிஷின் மாறும். அது கால் அங்குலமாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆகவே பாதத்தை நம்ப வேண்டாம். கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் அடிக்கோல் ஒன்றை ஊசிக்கு அடியிலுள்ள தட்டின் மீது வைத்து, சக்கரத்தைக் கையால் மெதுவாகத் திருப்பி, ஊசி முனை கால் அங்குலக் கோட்டைத் தொடும்படி இறக்குங்கள். அடிக்கோல் கோணாமல் நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, அதன் வலது ஓரத்தை ஒட்டித் தட்டின் மீது இன்சுலேஷன் டேப்பை நான்கைந்து மடிப்பாக ஒட்டிவிட்டால், துணி இடித்துக்கொண்டு போக ஒரு சிறிய வரப்பு கிடைத்துவிடும். இனி பாதத்தைப் பார்க்காமல் அந்த வரப்பைப் பார்த்தே தைக்க வேண்டும்.

அதற்கும் ஒரு சோதனை உண்டு. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று நாடாக்களை வெட்டி, பக்கம் பக்கமாக இணைத்து, இஸ்திரி போட்டு, நடு நாடாவை மட்டும் அளந்து பாருங்கள். சரியாக ஓர் அங்குலம் இருந்தால் மிஷின் தயார். பெரும்பாலும் ஓர் இழை குறைவாகத்தான் வரும். துணி தையலின் மேல் மடிந்து திரும்புவதற்கே ஓர் இழை செலவாகிவிடுகிறது. டேப்பை ஊசிப் பக்கமாக மயிரிழை நகர்த்தினால் சரியாகிவிடும். கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாகவே தையுங்கள் என்று புத்தகங்கள் சொல்வது இதைத்தான்.

முடித்த பன்னிரண்டு கட்டங்களைத் தயவுசெய்து பிரிக்க வேண்டாம். பன்னிரண்டையும் குறுக்கிலும் நெடுக்கிலும் அளந்து பாருங்கள். எல்லாமே ஒன்பதுக்கு ஒன்பது என்று ஒத்திருந்தால், பட்டிகளை ஒன்பதாக நறுக்கிக்கொண்டு மேலே போகலாம். போர்வை புத்தகத்தில் உள்ளதைவிடக் கொஞ்சம் சிறியதாக இருக்கும், அவ்வளவுதான். ஒன்று ஒன்பது, இன்னொன்று ஒன்பதே கால் என்று கலந்திருந்தால், எது மிகச் சிறியதோ அந்த அளவுக்கு மற்றவற்றின் நான்கு ஓரங்களையும் சமமாகக் கத்தரித்துவிட வேண்டியதுதான். மீதமுள்ள பட்டிகளைத் தைக்கும்போது வரப்பு டேப்பைப் பயன்படுத்துங்கள்.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். இப்படிப்பட்ட புத்தகத்தை வைத்துக் கற்கிறவர்கள் முழுத் துணியையும் முதல் நாளே வெட்டிவிடக் கூடாது. ஒரே ஒரு கட்டத்துக்கு வெட்டி, தைத்து, அளந்து பார்த்த பிறகே மற்றதில் கத்தரி வைக்க வேண்டும். புத்தகத்தின் ஆங்கிலமும் அந்த ஒரு கட்டத்தில்தான் நமக்குப் புரியத் தொடங்கும். துணியின் நல்ல பக்கத்துக்கு ஆங்கிலத்தில் 'ரைட் சைட்' என்று பெயர். நான் கற்றுக்கொண்ட நாளில் அதை வலது பக்கம் என்று நினைத்துக்கொண்டு, பதினாறு துண்டுகளின் வலது ஓரங்களைத் தேடித் தேடி ஒன்றாகச் சேர்த்துத் தைத்துவிட்டு, படத்தில் இருப்பது ஏன் எனக்கு வரவில்லை என்று ஒரு மத்தியானம் முழுவதும் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன்.

கேள்வி: பள்ளிப்பட்டிலிருந்து எழுதுகிறேன். புத்தகத்தில் மூன்று கஜம் என்று போட்டிருந்தது. கஜத்தைவிட மீட்டர் பெரியதாயிற்றே என்று துணிந்து மூன்று மீட்டர் வாங்கினேன். ஆனாலும் முப்பது சதுரங்கள் குறைந்துவிட்டன. எப்படி?

பதில்: நீளத்தை மட்டும் கணக்குப் பார்த்தீர்கள், அகலத்தை விட்டுவிட்டீர்கள். அமெரிக்காவில் குவில்டுக்கென்று விற்கும் பருத்தித் துணி ஏறக்குறைய 44 அங்குல அகலம் கொண்டது. கரையைக் கழித்து 42 அங்குலம் என்று வைத்தே பல புத்தகங்கள் கணக்கிடுகின்றன. நீங்கள் வாங்கியது நம் ரவிக்கைத் துணி அகலமான 36 அங்குலமாக இருக்க வேண்டும். மூன்றரை அங்குலச் சதுரம் என்று வைத்துக்கொண்டால், 42 அங்குலத்தில் குறுக்கே 12 சதுரங்கள் விழும். 36 அங்குலத்தில் 10தான் விழும். மூன்று கஜத்தில் 30 வரிசை, ஆக 360 சதுரங்கள். மூன்று மீட்டரில் 33 வரிசை கிடைத்தாலும் 330க்கு மேல் வராது. நீங்கள் சொன்ன முப்பது அங்கேதான் போயிற்று. கடைக்குப் போகுமுன் எத்தனை துண்டு, என்ன அளவு என்பதை மட்டும் புத்தகத்திலிருந்து எடுத்துக்கொண்டு, அகலத்தைக் கடையில் இஞ்ச் டேப்பால் அளந்து, நாமே வகுத்துப் பார்ப்பது நல்லது. 'ஃபேட் குவார்ட்டர்' என்று வந்தால் மலைக்க வேண்டாம். அரை கஜத் துணியை அகலவாட்டில் இரண்டாக வெட்டினால் கிடைக்கும் 18க்கு 22 அங்குலத் துண்டுதான் அது. பெரிய ரவிக்கை பிட் ஒன்றில் அதைத் தாராளமாக எடுத்துவிடலாம்.

வாங்கிய துணியைத் தண்ணீரில் நனைத்து உலர்த்திய பிறகே வெட்டுங்கள். சிவப்பும் கருநீலமும் இருந்தால், வெள்ளைத் துணியொன்றை ஈரமாக்கி அழுத்தித் துடைத்துப் பாருங்கள். அதில் சாயம் ஏறினால் அந்தத் துணியை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். உப்பு போட்டு ஊற வைத்தால் நின்றுவிடும் என்று சொல்பவர்களை நம்பி ஒரு முழுப் போர்வையைப் பணயம் வைக்க நான் தயாராக இல்லை.

கேள்வி: வட்டக் கத்தியும் அதற்கான பலகையும் இல்லாமல் கற்க முடியாதா? எங்கள் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை. (ஊத்துக்கோட்டை வாசகி)

பதில்: ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் அந்த உருளும் கத்தியை 1979இல்தான் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் அட்டை அச்சும் கத்தரியும்தான். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் பக்கத்துக்கு ஓர் அங்குலமாக அறுகோணம் வெட்டி, சுற்றிலும் கால் அங்குலம் விட்டுத் துணியை அதன் மேல் மடித்து ஓட்டிவிட்டு, அறுகோணங்களைக் கைத்தையலால் விளிம்போடு விளிம்பு சேர்த்து, பிறகு அட்டைகளை உருவிவிடும் முறைக்கு மிஷின்கூட வேண்டியதில்லை.

கேள்வி: நடுவில் வைக்கும் பஞ்சுக்கு நம் இலவம் பஞ்சைப் பரப்பித் தைக்கலாமா? (புத்தூர் வாசகி)

பதில்: வேண்டாம். இலவம் பஞ்சின் இழை வழவழப்பானது, ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளாது. மெத்தையில்கூட ஆங்காங்கே முடிச்சுப் போட்டு அதைக் கட்டி வைக்கிறோம். புத்தகத்தில் சொல்லியிருப்பது தகடாக வார்த்த பஞ்சு. சோபா தைக்கிற கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும் பாலியெஸ்டர் வாடிங் அதற்கு ஓரளவு ஈடாகும். எவ்வளவு இடைவெளியில் தைக்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்காது என்பதால் நான்கு அங்குலத்துக்கு ஒரு தையலாவது ஓட்டிவிடுங்கள். ஆனால் நகரி, புத்தூர் வெயிலுக்கு அந்தக் கனம் எதற்கு என்பது என் கேள்வி. பலமுறை துவைத்து மெலிந்த வேட்டியை இரண்டாக மடித்து நடுவில் வைத்தால் போதும். இனிமேல் சுருங்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. பொந்தவில் பழைய சேலையை உள்ளே வைத்ததும் இந்தக் காரணத்துக்காகத்தான்.

கேள்வி: சத்தியவேட்டில் இருக்கிறேன். மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும்போது நடுவிலிருந்து தொடங்கி ஓரத்துக்குப் போகும்படி புத்தகம் வற்புறுத்துகிறது. என் பாட்டியோ ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருவார். பாட்டியின் பொந்த ஒன்றுகூடச் சுருங்கியதில்லை. யார் சொல்வது சரி?

பதில்: இந்த மாதம் வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் பிடித்தது இது. இருவருமே சரி, ஆனால் இருவர் கையிலும் இருக்கும் பொருள் வேறு. புத்தகத்தின் மேல்துணி முன்கூட்டியே முழுதாகத் தைத்து முடிக்கப்பட்டது. உள்ளே இருப்பது துள்ளும் பஞ்சு. ஊசி போகும் திசையிலேயே அது மேல்துணியைத் தள்ளிக்கொண்டு போகும். நடுவிலிருந்து தொடங்கினால் அந்தத் தள்ளல் வெளி ஓரம் வழியாக வெளியேறிவிடும். அடித்துணியைச் சுற்றிலும் மூன்று நான்கு அங்குலம் அதிகமாக விடச் சொல்வதும் அதற்காகத்தான். ஓரத்திலிருந்து தொடங்கினால் தள்ளப்பட்ட துணிக்குப் போக்கிடம் இல்லாமல் நடுவில் கொப்புளமாக எழுந்து நிற்கும்.

பாட்டியின் வேலையில் துள்ளுகிற பஞ்சே கிடையாது. சேலை மேல் சேலையாகப் படிந்து கிடக்கும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால், மேல் ஒட்டுகளையும் அவர் முன்னதாகத் தைத்து வைத்துக்கொள்ளாமல், தைத்துக்கொண்டு போகும்போதே எங்கே இடம் விழுகிறதோ அங்கே ஒன்றைச் செருகியிருப்பார் என்று தோன்றுகிறது. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்தி இனப் பெண்கள் கவந்தி என்ற போர்வையை இப்படித்தான் தைக்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்கி, ஓரமாகவே சுற்றி வந்து, ஒட்டுத்துணிகளைச் சேர்த்துக்கொண்டே நடுவை அடைகிறார்கள். துணி கொஞ்சம் நகர்ந்தால் அடுத்த ஒட்டு அந்த அளவுக்கு மடிந்துகொள்கிறது.

ஆகவே புத்தகக் கட்டங்களை இணைத்து முடித்த மேல்துணி உங்களிடம் இருந்தால் நடுவிலிருந்தே தொடங்குங்கள். அதற்கு முன் அடித்துணியைத் தரையில் இழுத்து நான்கு புறமும் டேப் ஒட்டி, மேலே உள்துணியையும் கட்டங்களையும் பரப்பி, உள்ளங்கையால் நீவிவிட்டு, ஒரு சாண் இடைவெளியில் பெரிய பெரிய ஓடு தையல் போட்டு மூன்றையும் பிணைத்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையைச் சோம்பல்பட்டு விட்டவர்களுக்குத்தான் அடிப்பக்கம் மடிப்பு விழுகிறது. ஒவ்வொரு வரி தைத்த பிறகும் போர்வையைத் திருப்பி அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். மடிப்பு தட்டுப்பட்டால் அந்த வரியை மட்டும் பிரித்தால் போதும், நான்கு வரி போன பிறகு கண்டுபிடித்தால் நான்கையும் பிரிக்க வேண்டியிருக்கும்.