பையர் அனுப்பிய படிவத்தில் 'இல்லை' என்று எழுதச் சொல்கிறார்கள்

கேள்வி: திருப்பூரிலிருந்து மொரிஷியஸ் வந்து ஓர் ஆடைத் தொழிற்சாலையில் எச்.ஆர். வேலை பார்க்கிறேன். பிரிட்டனில் இருக்கும் எங்கள் பையர், அதாவது எங்களிடம் ஆடை வாங்குபவர், ஒரு படிவம் அனுப்பியிருக்கிறார். 'வேலைக்காகத் தொழிலாளர்கள் யாருக்காவது பணம் கொடுத்தார்களா?' என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார் மேலாளர். பலரும் ஏஜென்டுக்கு லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வந்தவர்கள். என்ன செய்வது? — வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள்.

பிரிட்டனின் 2015 நவீன அடிமைமுறைச் சட்டம், 54-ஆம் பிரிவு: அங்கே வியாபாரம் செய்து ஆண்டுக்கு 3.6 கோடி பவுண்டோ அதற்கு மேலோ விற்றுமுதல் காட்டும் கம்பெனி, தனக்குச் சரக்கு வரும் வழியில் கட்டாய உழைப்பைத் தடுக்க என்ன செய்தது என்று வருடா வருடம் அறிக்கை வெளியிட வேண்டும். 'ஒன்றும் செய்யவில்லை' என்று எழுதினாலும் சட்டம் விட்டுவிடும். பெரிய ஓட்டை அது. உங்கள் தொழிற்சாலையை இந்தச் சட்டம் நேராகத் தொடாது. ஆனாலும் அந்த அறிக்கை நீங்கள் நிரப்பும் படிவத்தை நம்பித்தான் எழுதப்படுகிறது.

ஏஜென்டுக்குப் பணம் கொடுத்தாலே அது கட்டாய உழைப்பு என்று ஆகிவிடாது. அந்தப் பணத்துக்காக வாங்கிய கடன்தான் ஆளைக் கட்டிப்போடுகிறது. என்னிடம் வந்த ஒரு தையல்காரர் தன் நோட்டைக் காட்டினார். பதினான்கு மாதக் கணக்கு. ஒவ்வொரு மாதத்துக்கு நேரேயும் 'வட்டி' என்று எழுதியிருந்தது, அசல் அப்படியே நின்றது. அவர் எப்படி வேலையை விட்டுப் போவார்? உலகத் தொழிலாளர் அமைப்பு சொல்லும் 11 அடையாளங்களில் கடன் பிணைப்பும் ஒன்று, பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பதும் ஒன்று. உங்கள் ஆபீஸ் அலமாரியில் பாஸ்போர்ட்டுகள் இருந்தால் முதலில் அவற்றைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் மேலாளருக்கு ஓர் ஈமெயில் போடுங்கள்: 'பணம் கொடுத்ததாகத் தொழிலாளர்கள் சொல்கிறார்கள், அதனால் இல்லை என்று எழுத முடியாது.' யார் பெயரையும் போடாதீர்கள். பெயர் தெரிந்தால் அவரை ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். ஆர்டர் போய்விடும் என்று மேலாளர் பயந்தால், கொடுத்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கும் திட்டத்தையும் சேர்த்துப் பையரிடம் பேசச் சொல்லுங்கள். 2027 டிசம்பர் 14 முதல் கட்டாய உழைப்பில் செய்த பொருளை ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது. மறைத்தது அப்போது வெளியே வந்தால் நஷ்டம் இன்னும் பெரிது.

வேலை நிபந்தனை மீறல் பற்றி நல்லெண்ணத்தோடு புகார் கொடுத்ததற்காக ஒருவரை நீக்க மொரிஷியஸின் 2019 தொழிலாளர் உரிமைச் சட்டம் இடம் தராது. ஆனால் கையெழுத்துப் போட மறுப்பதும் புகார் கொடுப்பதும் ஒன்றல்ல. நீங்களும் வேலை பர்மிட்டில் வந்தவர்தானே. அதனால் படிவத்தின் கடைசித் தேதிக்கு முன்பே உங்கள் ஒப்பந்தம், பர்மிட், அந்த ஈமெயில் மூன்றின் நகலோடு போர்ட் லூயியில் ஒரு தொழிலாளர் வழக்கறிஞரை நேரில் பாருங்கள்.