வாசகர் கேள்வி – பதில்: மருத்துவமும் பராமரிப்பும் ஒரே வாசலில் வருமா?

கேள்வி: எழுபத்தெட்டு வயதான என் அம்மா இடுப்பெலும்பு முறிந்து, அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பியிருக்கிறார். புண்ணைக் கவனிக்க ஒரு செவிலியர், நடைப்பயிற்சி தர ஒருவர், குளிப்பாட்டிவிட உள்ளூராட்சி மன்றமான கவுன்சில் அனுப்பும் பராமரிப்பாளர் என்று நாளுக்கு மூன்று பேராவது வருகிறார்கள். ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கடிதங்களில் மட்டும் 'ஒருங்கிணைந்த பராமரிப்பு' என்று அச்சிட்டிருக்கிறது. அந்த ஒருங்கிணைப்பு எங்கேதான் நடக்கிறது? – ஒரு வாசகி, லெஸ்டர்

பதில்: உங்கள் கடிதத்தைப் படித்தபோது மனம் கனத்தது. நோயாளியைப் பார்த்துக்கொள்வதே போதிய வேலையாயிருக்க, வருபவர்களுக்கிடையே தகவல் கொண்டுசெல்லும் வேலையும் உங்கள் தலையில் விழுந்திருக்கிறது.

இதன் வேர் 1948இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூலை 5ஆம் தேதி பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையான என்.ஹெச்.எஸ். தொடங்கியபோது மருத்துவம் எல்லோருக்கும் இலவசமானது. அதே நாளில் நடைமுறைக்கு வந்த தேசிய உதவிச் சட்டமோ, முதியோரைத் தங்கவைத்துப் பராமரிக்கும் பொறுப்பை உள்ளூராட்சி மன்றங்களிடம் விட்டு, வசதியுள்ளவரிடம் கட்டணம் பெறவும் வழி செய்தது. உங்கள் அம்மாவின் புண்ணுக்குக் கட்டுப்போடுவது ஒரு நிர்வாகத்தின் செலவாகவும், அவரைக் குளிப்பாட்டுவது இன்னொன்றின் செலவாகவும் இருப்பது அதனால்தான்.

இந்தப் பிரிவைச் சரிசெய்யப் பல முயற்சிகள் நடந்தன. இரு தரப்பும் பணத்தை ஒரே நிதியில் சேர்த்துச் செலவிட 2006ஆம் ஆண்டின் என்.ஹெச்.எஸ். சட்டத்தின் 75ஆவது பிரிவு இடமளிக்கிறது. 2022ஆம் ஆண்டின் மருத்துவ, பராமரிப்புச் சட்டத்தின்படி, அந்த ஆண்டு ஜூலை 1 முதல் இங்கிலாந்து முழுவதும், தத்தம் பகுதியின் என்.ஹெச்.எஸ். சேவைகளைத் திட்டமிடும் 42 ஒருங்கிணைந்த பராமரிப்பு வாரியங்கள் செயல்படத் தொடங்கின. ஒவ்வொரு வாரியமும் தன் பகுதிக் கவுன்சில்களோடு சேர்ந்து ஒரு கூட்டுக் குழுவை அமைத்துப் பொதுத் திட்டம் வகுக்க வேண்டும் என்றும் அச்சட்டம் சொன்னது. ஆனால் வாரியங்கள் மேலே ஒன்றுகூடுவதால் மட்டும் உங்கள் வீட்டு வாசலில் எதுவும் மாறிவிடாது. மாற்றம் வர வேண்டுமானால், அம்மாவின் முழு நிலையையும் அறிந்த, நீங்கள் தொலைபேசியில் கூப்பிடக்கூடிய ஒரு மனிதர் இருக்க வேண்டும்.

இதை நான் வெறும் விருப்பமாகச் சொல்லவில்லை. டெவன் கடற்கரையில் உள்ள டோர்பே என்ற பகுதியில், 2005இல் மருத்துவச் சேவையையும் குளிக்க, உடுக்க உதவுவது போன்ற, வயதுவந்தோருக்கான சமூகப் பராமரிப்பையும் ஒரே அமைப்பின் கீழ்க் கொண்டுவந்தபோது, எண்பது வயதைக் கடந்த 'திருமதி ஸ்மித்' என்ற கற்பனை மூதாட்டியை முன்னால் வைத்து, ஒவ்வொரு மாற்றமும் அவருக்கு எதை எளிதாக்கும் என்று கேட்டார்கள். குடும்ப மருத்துவர்களின் நிலையங்களை ஒட்டிச் செவிலியர், சமூகப் பணியாளர், இயன்முறை சிகிச்சையாளர் அடங்கிய குழுக்களை அமைத்து, ஒவ்வொரு குழுவிலும் அழைப்புகளை ஏற்று ஏற்பாடுகளைச் செய்ய ஓர் ஒருங்கிணைப்பாளரை வைத்தார்கள். அந்த ஒருங்கிணைப்பாளர் மருத்துவரோ செவிலியரோ ஆக இருக்க வேண்டியதில்லை. யாரைக் கேட்டால் எது நடக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. என் பார்வையில், இத்தனை ஆண்டுச் சீர்திருத்தங்களில் மிகப் பயனுள்ள பாடம் இதுதான்.

ஆகவே அடுத்த முறை மருத்துவமனையோ கவுன்சிலோ அழைக்கும்போது, 'அம்மாவின் பராமரிப்பை ஒருங்கிணைப்பவர் யார், அவருடைய பெயரும் எண்ணும் என்ன' என்று கேட்டு எழுதி வாங்குங்கள். 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தின்படி, வசதி எவ்வளவு இருந்தாலும் அம்மாவின் தேவைகளை மதிப்பிடுமாறு கவுன்சிலிடம் கேட்கலாம்; அவரைப் பார்த்துக்கொள்பவர் என்ற முறையில் உங்களுக்கும் தனியே ஒரு மதிப்பீடு கேட்கும் உரிமை உண்டு. பலர் இந்த இரண்டாவது உரிமையைக் கேட்பதே இல்லை. மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் மறுபடியும் தாமாக இயங்கப் பழகுவதற்காகத் தரப்படும் குறுகியகாலப் பராமரிப்புக்கு ஆறு வாரம் வரை கட்டணம் வாங்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். அம்மாவுக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்றால் என்.ஹெச்.எஸ். சந்திப்புகளுக்கு மொழிபெயர்ப்பாளரை இலவசமாகக் கேளுங்கள். தாயின் வலியையும் வெட்கத்தையும் மகளே மொழிபெயர்க்கும்போது சில விஷயங்கள் சொல்லப்படாமலே போய்விடுகின்றன.

கேள்வி: கிளாஸ்கோவில் இருக்கும் என் அத்தைக்குக் குளிக்க, உடுக்க உதவுவதற்குக் கட்டணம் இல்லை. இங்கிலாந்தில் என் அப்பாவிடம் சேமிப்புக் கணக்கைக் கேட்கிறார்கள். மருத்துவம், பராமரிப்பு ஆகிய இரு துறைகளும் ஒன்றாகிவிட்டால் இங்கும் இலவசமாகுமா? – ஒரு வாசகர், லண்டன்

பதில்: ஆகாது. நிர்வாகத்தை இணைப்பது வேறு, கட்டணத்தை நீக்குவது வேறு. ஸ்காட்லாந்து இரண்டையும் தனித்தனியே செய்தது: 65 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்குக் குளிக்க, உடுக்க உதவும் தனிநபர் பராமரிப்பை 2002இலேயே இலவசமாக்கிவிட்டு, இணைப்புக்கான சட்டத்தை 2014இல்தான் இயற்றியது. நிர்வாக இணைப்பை மட்டும் பார்த்தால், வட அயர்லாந்தில் 1973 முதலே மருத்துவமும் சமூகப் பராமரிப்பும் ஒரே நிர்வாகத்தின் கீழ் இருக்கின்றன. இங்கிலாந்திலோ 23,250 பவுண்டுக்கு மேல் சேமிப்போ சொத்தோ உள்ளவர் பொதுவாகத் தம் பராமரிப்புச் செலவை முழுவதும் தாமே ஏற்க வேண்டும். 2010 முதல் இந்த வரம்பு உயர்த்தப்படவில்லை. விலைவாசி ஏறிக்கொண்டே இருக்க, இதை அப்படியே விட்டிருப்பது அநியாயம் என்றே நான் கருதுகிறேன்.

வீட்டிலேயே பராமரிப்புப் பெறும்வரை உங்கள் அப்பா வாழும் வீட்டின் மதிப்பு இந்தக் கணக்கில் சேராது. அவருடைய தேவைகள் முதன்மையாக உடல்நலம் சார்ந்தவை என்று முடிவானால், 'தொடர் மருத்துவப் பராமரிப்பு' என்ற பெயரில் முழுச் செலவையும் என்.ஹெச்.எஸ். ஏற்கும், அதற்கு வருமானமோ சேமிப்போ பார்க்கப்படுவதில்லை. தகுதி பெறுவது எளிதல்ல. ஆயினும் அதற்கான முதற்கட்டத் தகுதிச் சோதனையைச் செய்யுமாறு கேட்டுப் பாருங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் பெறுங்கள்.

கேள்வி: எங்கள் தமிழ்ச் சங்கம் வாரம் ஒருமுறை முதியோரைக் கூட்டிப் பேசவைக்கிறது. மருத்துவமும் பராமரிப்பும் கைகோக்கும் இப்படிப்பட்ட கூட்டமைப்புகளில் எங்களுக்கும் இடம் உண்டா? – சங்கச் செயலாளர், மான்செஸ்டர்

பதில்: நிச்சயம் உண்டு. தனிமையில் வாடும் முதியவருக்கு உங்கள் கூட்டம் தருவதை எந்த மாத்திரையாலும் தர முடியாது. முதலில் உங்கள் பகுதிக் குடும்ப மருத்துவர் நிலையத்தில் 'சமூகப் பரிந்துரை'ப் பணியாளர் யார் என்று விசாரியுங்கள். மருந்தோடு மனிதத் துணையும் தேவைப்படுவோரை உங்களைப் போன்ற அமைப்புகளிடம் அனுப்பிவைப்பதுதான் அவருடைய வேலை. எந்த நாளில், எந்த இடத்தில் கூடுகிறீர்கள், சக்கர நாற்காலி உள்ளே வருமா, எந்தெந்த மொழிகளில் பேசுகிறீர்கள் என்பதை ஒரே தாளில் எழுதி அவரிடம் கொடுங்கள். கவுன்சிலும் உள்ளூர் மருத்துவ அமைப்புகளும் சேர்ந்து அமரும் உடல்நல, நல்வாழ்வு வாரியக் கூட்டங்களுக்குப் பொதுமக்கள் செல்லலாம். உங்களில் இருவர் தவறாமல் போய் உட்கார்ந்து, உங்கள் முதியோர் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை அங்கே எடுத்துச் சொல்லுங்கள்.