'பேங்' என்ற சொல்லும் பிரபஞ்சத்தின் தொடக்கமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். வங்கிப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, ஆங்கிலத்தில் வரும் எளிய வானியல் நூல்களை வாசிப்பது என் பொழுதுபோக்காகிவிட்டது. ஆனால் அறிவியலைவிட, அதைச் சொல்ல அவர்கள் எடுத்தாளும் ஆங்கிலச் சொற்களில்தான் என் மனம் போய்ச் சிக்கிக்கொள்கிறது. காற்றில்லாத இடத்தில் ஓசை எழாது என்று பள்ளியில் படித்தோம். அப்படியிருக்க, கதவை அறைந்து சாத்தும் ஓசைக்குரிய 'பேங்' என்ற சொல்லைப் பிரபஞ்சத்தின் தொடக்கத்துக்கு ஏன் வைத்தார்கள்? பிரபஞ்சம் விரிகிறது என்பதற்குப் பலூனை உவமை சொல்கிறார்கள். பலூன் அறைக்குள் விரிகிறது; பிரபஞ்சம் எதற்குள் விரிகிறது? கடைசியாக, 'யுனிவர்ஸ்' என்றால் உள்ளவை அனைத்தும் என்று பொருள் எனில், அதற்குப் பன்மை எப்படி வரும்? அதன் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக எழுத வேண்டுமா, சிறிய எழுத்தாகவா? இதெல்லாம் வெட்டி ஆராய்ச்சி என்கிறார் என் மனைவி. நேரமிருந்தால் பதில் எழுதுங்கள்.

ஆர்.எஸ்., கும்பகோணம்

அன்புள்ள ஆர்.எஸ். அவர்களுக்கு,

வெட்டி ஆராய்ச்சிதான், மறுக்கவில்லை. ஆனால் வானியலில் இத்தகைய ஆராய்ச்சிக்குத் தனி மதிப்பு உண்டு. அங்குள்ள பெயர்களில் பல, பொருள் முழுமையாகப் புரிவதற்கு முன்பே சூட்டப்பட்டவை. பொருள் புரிந்த பிறகும் மாற்றப்படாதவை. ஆகவே பெயர் ஏன் உறுத்துகிறது என்று கேட்டுக்கொண்டே போனால், அறிவியல் எந்த இடத்தில் பெயரைத் தாண்டிச் சென்றது என்பது தெரிந்துவிடும்.

'பிக் பேங்' என்ற தொடரை இன்றைய பொருளில் முதலில் வழங்கியவர் பிரெட் ஹாயில் என்ற ஆங்கிலேய வானியலாளர். 1949 மார்ச் 28 அன்று பி.பி.சி. வானொலியில் அவர் ஆற்றிய உரையில் அது வந்தது. இதில் வேடிக்கை என்னவென்றால், ஹாயில் அந்தத் தொடர் குறிக்கும் கொள்கையை ஏற்றவர் அல்லர். பிரபஞ்சம் விரிந்தாலும் அதன் தோற்றம் மாறுவதில்லை, விரிவால் உண்டாகும் இடைவெளியை நிரப்பும் அளவுக்குப் புதிய பருப்பொருள் சிறிது சிறிதாக இடைவிடாமல் உருவாகிக்கொண்டே இருக்கிறது என்ற மாறாநிலைக் கொள்கையை 1948-இல் முன்வைத்த மூவரில் அவர் ஒருவர். மற்ற இருவர் ஹெர்மன் போண்டியும் தாமஸ் கோல்டும். பிரபஞ்சத்தின் பருப்பொருள் முழுவதும் தொலைதூரக் கடந்த காலத்தில் ஒரு குறிப்பிட்ட கணத்தில் ஒரே 'பேங்'காகப் படைக்கப்பட்டது என்று கருதுவோரின் கட்சியைத் தம் கட்சியிலிருந்து பிரித்துக் காட்டவே அவர் அந்தத் தொடரைக் கையாண்டார். எதிர்க்கொள்கையைக் கேலி செய்ய அப்படிச் சொன்னார் என்று பல நூல்களில் காணலாம். ஹாயிலோ, படம் காட்ட வழியில்லாத வானொலியில், கேட்பவர் மனத்தில் பதியும்படி சொல்லவே அதைத் தேர்ந்ததாகப் பின்னாளில் விளக்கினார். அவர் விளக்கத்தையே நான் நம்புகிறேன், ஏனென்றால் அந்த வாக்கியத்தின் அழுத்தம் ஓசையில் இல்லை, 'ஒரே' என்பதிலும் 'ஒரு குறிப்பிட்ட கணத்தில்' என்பதிலும் இருக்கிறது.

உங்கள் கேள்விக்கான விடையின் பாதி இங்கேயே இருக்கிறது. ஆங்கிலத்தில் 'பேங்' ஓசையை மட்டும் குறிக்கும் சொல் அன்று. சேமிப்பு முழுவதும் ஒரே நாளில் கரைந்துபோனாலும் 'பேங்' என்பார்கள். ஒரு பொருள் அச்சு அசலாக நடு மையத்தில் இருந்தாலும் 'பேங்' என்பார்கள். நாமும் இதையேதான் செய்கிறோம். 'கதவு படாரென்று சாத்தியது' என்பதில் ஓசை உண்டு; 'அவன் படாரென்று எழுந்து போய்விட்டான்' என்பதில் ஓசை ஏது? ஒலிக்குறிப்புச் சொல் திடீர்த்தன்மையைக் குறிக்கும் சொல்லாக மாறுவது இரண்டு மொழிகளுக்கும் இயல்பாக இருக்கிறது. ஹாயில் சொன்ன 'பேங்', எழுந்துபோனவனின் 'படார்'. அதை நாம் 'பெருவெடிப்பு' என்று பெயர்த்தபோது வெடியின் புகையும் சிதறலும் ஒரு மையமும் கூடவே வந்து சேர்ந்துவிட்டன.

அந்தப் பெயர் உடனே நிலைபெற்றுவிடவும் இல்லை. கொள்கைக்கு வித்திட்டவர்களில் ஒருவரான பெல்ஜியப் பாதிரியார் ஜார்ஜ் லெமைத்ர், 1931-இல் 'நேச்சர்' இதழில் எழுதிய சிறு கடிதத்தில், ஒற்றை அணுவொன்று சிதைந்து சிதைந்து உலகம் ஆனதாகக் கற்பனை செய்து, பின்னர் அதை 'ஆதி அணு' என்று அழைத்தார். இயற்பியலாளர்கள் ஜார்ஜ் காமாவும் ரால்ப் ஆல்ஃபரும் தொடக்கநிலைப் பருப்பொருளுக்கு 'ஐலெம்' என்ற பழஞ்சொல்லைத் தூசு தட்டி எடுத்தார்கள். 'பிக் பேங்' என்பது 1970-களில்தான் ஆய்வாளர்களிடையே பரவலான வழக்காயிற்று. 1993-இல் 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' இதழ் இதற்கு மாற்றுப் பெயர் கேட்டுப் போட்டி நடத்தியபோது 13,000-க்கும் மேற்பட்ட பரிந்துரைகள் வந்து குவிந்தன. கார்ல் சேகன் உள்ளிட்ட நடுவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பழைய பெயரே இருக்கட்டும் என்று முடித்துக்கொண்டார்கள்.

விடையின் மறுபாதி இன்னும் சுவையானது. தொடக்கத்தில் 'பேங்' என்று ஓசை எழவில்லை என்பது சரி. ஆனால் அதற்குப் பிறகு ஓசை இருந்தது. முதல் 3,80,000 ஆண்டுகள் பிரபஞ்சம் முழுவதும், அணுக்கள் அமைய முடியாத அளவுக்கு வெப்பம் மிகுந்த பிளாஸ்மாவாக, ஒளி நேராகச் செல்ல முடியாத அடர்ந்த ஊடகமாக இருந்தது. ஓசை என்பது ஊடகம் ஒன்றில் பரவும் அழுத்த அலை என்பதால், காற்று இல்லாவிட்டாலும் அந்தப் பிளாஸ்மாவில் ஒலியலைகள் பரவின. தொடக்கத்தில் அவற்றின் வேகம் ஒளியின் வேகத்தில் பாதிக்கும் மேல். ஓர் அலை ஒருமுறை அதிர்ந்து அடங்கப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும் என்பதால் எந்தச் செவிக்கும் அது எட்டியிருக்காது. பிளாஸ்மா குளிர்ந்து அணுக்கள் அமைந்து ஒளி விடுபட்ட கணத்தில் அந்த அலைகள் இருந்த இடத்திலேயே உறைந்துபோயின. 2005-இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே விண்மீன் திரள்களின் பரவலை அளந்தபோது, திரள்களுக்கிடையே ஏறத்தாழ 50 கோடி ஒளியாண்டு இடைவெளி எதிர்பார்த்ததைவிடச் சற்றே அதிக முறை தென்பட்டது. அது அந்தப் பழைய ஒலியலை சென்று நின்ற தொலைவு, அன்று முதல் இன்றுவரை நடந்த விரிவால் நீண்டது.

போகிற போக்கில் ஒன்று. அணுக்கள் அமைந்த அந்தக் காலகட்டத்துக்கு ஆங்கிலத்தில் 'ரீகாம்பினேஷன்', அதாவது மறுசேர்க்கை என்று பெயர். அதற்கு முன் எலக்ட்ரான்களும் புரோட்டான்களும் நிலையாகச் சேர்ந்திருந்ததே இல்லை. முதன்முதலாகச் சேர்ந்ததற்கு 'மறு' எதற்கு? ஆய்வகப் பிளாஸ்மாவில் பிரிந்தவை திரும்பச் சேர்வதற்கு வழங்கிய சொல்லை அப்படியே தூக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். ஹைட்ரஜன், ஹீலியம் தவிர்த்த எல்லாத் தனிமங்களையும், நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் உட்பட, 'உலோகம்' என்றே வானியலாளர்கள் அழைக்கிறார்கள். உங்களைப் போன்றவருக்கு வானியல் அகராதி ஒன்று போதும், ஆயுளுக்கும் பொழுது போகும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். ஒன்று விரிந்தால் எதற்குள் அல்லது எதை நோக்கி என்பதும் வந்தாக வேண்டும் என்று நம் மொழிப்பழக்கம் வற்புறுத்துகிறது. நகரம் வயல்களுக்குள் விரிகிறது, வணிகம் பக்கத்து நாட்டுக்கு விரிகிறது. வானியலில் அந்த வினைச்சொல் இதைவிடக் குறைவாகவே சொல்கிறது: தொலைவில் உள்ள விண்மீன் திரள்களுக்கு இடைப்பட்ட தூரங்கள் அனைத்தும் காலப்போக்கில் ஒரே விகிதத்தில் பெருகுகின்றன, அவ்வளவுதான். எவ்வளவு தொலைவோ அவ்வளவு வேகம். சுமார் 33 லட்சம் ஒளியாண்டு தொலைவுக்கு நொடிக்கு ஏறக்குறைய 70 கிலோமீட்டர் வீதம் விலகும் வேகம் கூடிக்கொண்டே போகும். எந்தத் திரளில் நின்று பார்த்தாலும் மற்றவை தன்னைவிட்டு விலகுவதாகவே தோன்றும் என்பதால், எந்த இடமும் மையம் அன்று. இந்தத் தூரப் பெருக்கத்தை விவரிக்கும் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளில் வெளிப்புறம் என்ற ஒன்று தேவைப்படுவதே இல்லை. அலெக்சாண்டர் ஃபிரீட்மன் 1922-இலும் லெமைத்ர் 1927-இலும் காட்டியது இதைத்தான்.

பலூன் உவமையின் குறை இப்போது விளங்கும். அந்த உவமையில் பிரபஞ்சம் என்பது பலூனின் மேற்பரப்பு மட்டுமே. உள்ளே அடைத்த காற்றும் வெளியே சூழ்ந்த அறையும் உவமைக்குச் சம்பந்தமில்லாதவை. ஆனால் பலூன் என்ற சொல்லைக் கேட்டதும் நம் கண்ணுக்கு அறைதான் முதலில் தெரிகிறது. பலூனில் மையால் புள்ளி வைத்தால் ஊத ஊதப் புள்ளியும் பெரிதாகும் என்பது இன்னொரு குறை. விண்மீன் திரள்கள் அப்படிப் பெருப்பதில்லை. ஈர்ப்பு அவற்றைக் கட்டிவைத்திருக்கிறது. நம் பக்கத்துத் திரளான ஆண்ட்ரோமீடா நம்மை நெருங்கிக்கொண்டே இருக்கிறது. பூமியிலிருந்து பார்க்கையில் அதன் நெருங்கும் வேகம் நொடிக்குச் சுமார் 300 கிலோமீட்டர் என்று அமெரிக்க வானியலாளர் வெஸ்டோ ஸ்லைஃபர் 1912-இலேயே அளந்துவிட்டார்.

'பிரபஞ்சம் ஒரு புள்ளியாக இருந்தது' என்று எளிய நூல்கள் எழுதுவதையும் இதோடு சேர்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும். இன்று நமக்கு ஒளி வந்து சேரக்கூடிய பகுதி, எல்லாத் திசைகளிலும் சுமார் 4,600 கோடி ஒளியாண்டு ஆரம் கொண்டது. அந்தப் பகுதி 1,380 கோடி ஆண்டுகளுக்கு முன் மிகமிகச் சிறியதாக இருந்தது என்பதே சரியான கூற்று. முழுப் பிரபஞ்சம் எல்லையற்றதாக இருந்தால், அது அன்றும் எல்லையற்றதுதான். அடர்த்தி மட்டுமே வேறு. எங்கே வெடித்தது என்று கேட்டால், நீங்கள் கடிதம் எழுதிய கும்பகோணத்திலும்தான். அந்த வெப்பத்தின் எச்சம் எல்லாத் திசைகளிலிருந்தும் ஒரே அளவில் வருவதே அதற்குச் சான்று. 1964-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹோம்டெல்லில், கொம்பு வடிவ ஆண்டெனா ஒன்றை வைத்து ஆய்ந்த ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும், எந்தப் பக்கம் திருப்பினாலும் குறையாத ஒரு மெல்லிய இரைச்சலைக் கண்டு, ஆண்டெனாவுக்குள் குடியிருந்த புறாக்களைத் துரத்தி, அவற்றின் எச்சத்தைச் சுரண்டித் துடைத்துப் பார்த்தார்கள், இரைச்சல் போகவில்லை. அந்த இரைச்சல்தான் நுண்ணலையாக நீண்டுபோன ஆதி ஒளி. அதன் வெப்பநிலை இன்று, வெப்பநிலையின் அடிமட்ட எல்லையான தனிச்சுழியிலிருந்து 2.7 பாகை மட்டுமே மேலே நிற்கிறது. அந்தக் கண்டுபிடிப்புக்கு 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹாயிலின் மாறாநிலைக் கொள்கையை முடக்கியதும் இதுதான், ஆனாலும் அவர் 2001-இல் இறக்கும்வரை பெருவெடிப்பை ஏற்கவில்லை.

இனி பன்மை. 'யுனிவர்ஸ்' என்ற சொல் உள்ளவை அனைத்தையும் குறித்தாலும், அனைத்தும் எவ்வளவு என்பது காலந்தோறும் மாறியிருக்கிறது. நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சொல்லுக்குப் பன்மை வழங்கியது. பால்வீதிதான் பிரபஞ்சம் என்று பலர் கருதிய காலத்தில், அதற்கு வெளியே வேறு விண்மீன் கூட்டங்கள் உண்டு என்று வாதிட்டவர்கள் அவற்றைத் 'தீவுப் பிரபஞ்சங்கள்' என்றார்கள். 1920 ஏப்ரலில் வாஷிங்டனில் வானியலாளர்கள் ஹெபர் கர்ட்டிஸும் ஹார்லோ ஷேப்லியும் இதைப் பற்றித்தான் எதிரெதிராகப் பேசினார்கள்; கர்ட்டிஸ் தீவுப் பிரபஞ்சங்களின் பக்கம், ஷேப்லி மறுபக்கம். 1923 அக்டோபரில் எட்வின் ஹபிள், மவுண்ட் வில்சன் தொலைநோக்கியில் ஆண்ட்ரோமீடாவைப் படமெடுத்த கண்ணாடித் தகட்டில், நோவா, அதாவது திடீரென ஒளிர்ந்து பிறகு மங்கும் விண்மீன், என்று கருதி ஒரு புள்ளிக்கு அருகே 'என்' (N) என்ற ஆங்கில எழுத்தைக் குறித்திருந்தார். பிறகு அதை அடித்துவிட்டு, மாறுவிண்மீன் என்பதன் சுருக்கமாக 'வார்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு வியப்புக்குறியும் போட்டார். அந்த விண்மீனின் ஒளி ஏறி இறங்கும் கால அளவைக் கொண்டு தொலைவைக் கணக்கிட்டபோது ஆண்ட்ரோமீடா பால்வீதிக்கு மிக அப்பால் இருப்பது உறுதியாயிற்று. ஹபிளின் கடிதம் கைக்கு வந்ததும், 'என் பிரபஞ்சத்தை அழித்த கடிதம் இது' என்று ஷேப்லி சொன்னதாக, அப்போது உடனிருந்த வானியலாளர் செசிலியா பெய்ன் நினைவுகூர்ந்திருக்கிறார். அதன்பின் தீவுப் பிரபஞ்சங்கள் விண்மீன் திரள்கள் ஆயின. 'யுனிவர்ஸ்' மறுபடியும் ஒருமைக்குத் திரும்பியது.

இன்று பேசப்படும் 'மல்டிவர்ஸ்' இரண்டாவது சுற்று. தத்துவவாதி வில்லியம் ஜேம்ஸ் 1895-இல் அதைக் கையாண்டபோது அதற்கும் இயற்பியலுக்கும் தொடர்பில்லை. அறத்தின் கண்ணோட்டத்தில் ஒருமை எதுவும் இல்லாத இயற்கையை அவர் அப்படி அழைத்தார். இயற்பியலில் அது நம்மால் காண இயலாத பகுதிகளையோ, வேறு விதிகள் செல்லுபடியாகும் பகுதிகளையோ குறிக்கிறது. அவற்றுக்கு நேரடிச் சான்று எதுவும் இல்லாத நிலையில் 'வேறு பிரபஞ்சங்கள்' என்று சொல்வதை நான் தவிர்ப்பேன். 'நமக்கு எட்டாத பகுதிகள்' என்பதே போதுமானது.

பெரிய எழுத்தா, சிறிய எழுத்தா என்பதற்கு ஆங்கிலத்தில் ஒரே விதி இல்லை. நாளிதழ்கள் பெரும்பாலும் சிறிய எழுத்தையே போடுகின்றன. பிரபஞ்சவியலாளர்கள் சிலர், நாம் வாழும் இந்த ஒன்றுக்குப் பெரிய எழுத்தும், சமன்பாடுகள் தரும் மாதிரிகளுக்குச் சிறிய எழுத்தும் இடுகிறார்கள். மாதிரிகள் பல என்பதால் அங்கே 'எ யுனிவர்ஸ்' என்றும் பன்மையில் 'யுனிவர்சஸ்' என்றும் எழுதுவதில் இலக்கணப் பிழை ஏதுமில்லை. 'கேலக்ஸி' என்ற சொல்லுக்கும் இதே ஏற்பாடு உண்டு, பெரிய எழுத்தில் தொடங்கினால் ஆய்விதழ்களில் அது நம் பால்வீதியைக் குறிக்கும். நீங்கள் எழுதுவது எளிய கட்டுரை என்றால் 'தி' சேர்த்துச் சிறிய எழுத்தில் எழுதுங்கள்.

அன்புடன்