பதின்வயதினர் பிரிவுக்கு யாருமே வருவதில்லை: பதில்

உங்கள் மருத்துவமனையின் பதின்வயதினர் பிரிவுக்கு யாருமே வருவதில்லை, துண்டறிக்கை கொடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் நேரத்தையும் பெயர்ப்பலகையையும் மாற்றுங்கள். துண்டறிக்கையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். காலை பத்து முதல் ஒரு மணி வரை திறந்துவைத்துவிட்டு, பதின்வயதினர் எட்டிப்பார்ப்பதில்லை என்கிறீர்கள். அந்த நேரத்தில் அவர்கள் வகுப்பில் அல்லவா இருப்பார்கள்!

பெரிய காரணம் அந்தப் பலகைதான் என்று நினைக்கிறேன். 'பாலியல் நலப் பிரிவு' என்று எழுதிய வாசலில் வரிசையில் நிற்க எந்தப் பதினாறு வயதுக்குத் துணிவு வரும்? பக்கத்து இருக்கையில் அம்மாவுக்குத் தெரிந்தவர் இருந்தால் கதை முடிந்தது. மாதவிடாய்க் கோளாறு, முகப்பரு, தடுப்பூசி எல்லாவற்றுக்கும் ஒரே கதவை வையுங்கள். யார் எதற்கு வந்தார் என்று எவராலும் கணிக்க முடியாது.

ஒரு சோதனை: பொறுப்பாளரின் அனுமதியோடு, பதினெட்டு வயது நிரம்பிய ஒருவரை நோயாளிபோல வரச்சொல்லி, வாசல் முதல் மருத்துவர் அறை வரை காதில் விழுவதைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பதிவு மேசையில் "என்ன பிரச்சினை?" என்று உரக்கக் கேட்கிறார்களா? "திருமணம் ஆகிவிட்டதா?" என்கிறார்களா? மருத்துவரின் கனிவு அந்த மேசையைத் தாண்டியவருக்குத்தான் தெரியும். உலக சுகாதார நிறுவனம் பதின்வயதினருக்கான மருத்துவச் சேவைகளுக்காக 2015-இல் வெளியிட்ட தரநிலைகளிலும் வசதியான நேரம், தனிமை, ரகசியம் ஆகியவை ஒன்றாகவே இடம்பெறுகின்றன.

ஒரே எச்சரிக்கை. "எல்லாமே ரகசியம்" என்று வாக்குக் கொடுத்துவிடாதீர்கள். சிறார்மீதான வன்கொடுமையைத் தெரிவிப்பது பல நாடுகளில் சட்டக் கடமை. பெற்றோர் ஒப்புதல் தேவைப்படாத வயதும் நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் சட்டத்தைப் படித்துவிட்டு, எது வெளியே போகும் என்பதைப் பேச்சு தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.