டிவிடியாக மாற்றினால் படம் ஏன் திக்குகிறது?

வந்திருக்கும் கேள்விகளில் பாதி ஒரே மாதிரிதான்: "கம்ப்யூட்டரில் நன்றாக ஓடுகிறது, டிவிடியில் போட்டால் திக்குகிறது." திக்குவதிலும் பல ரகம் உண்டு. நொடிக்கு ஒரு தடவை இடறுவது வேறு, ஆட்கள் நடக்கும்போது மட்டும் நடுங்குவது வேறு, கட்டம் கட்டமாகச் சிதறி நின்றுபோவது வேறு. அதனால் எப்படித் திக்குகிறது என்று விவரமாக எழுதியவர்களுக்கு முதலில் பதில் சொல்கிறேன்.

கேள்வி: சார், மூன்று டிஸ்க் எழுதிப் பார்த்துவிட்டேன். மூன்றும் பிளேயரில் விட்டு விட்டுத்தான் ஓடுகின்றன. டிவிடி ரைட்டர் போய்விட்டதா? புதிது வாங்கிவிடலாமா?

பதில்: நாலாவது டிஸ்க்கை உறையிலிருந்து எடுக்காதீர்கள், ரைட்டரும் வாங்காதீர்கள். டிவிடி தயாரிக்கும் மென்பொருள்களில் பெரும்பாலானவை டிஸ்க்கில் எழுதுவதற்கு முன்னால் 'வீடியோ_டிஎஸ்' என்ற ஃபோல்டரை ஹார்ட் டிஸ்க்கிலேயே உருவாக்கித் தரும். அதை விஎல்சி பிளேயரில் திறந்து பாருங்கள். அங்கேயே திக்கினால் ரைட்டர் மேல் பழி போட முடியாது, மாற்றும்போதே கெட்டுவிட்டது என்று அர்த்தம்.

ஃபோல்டர் சரியாக ஓடினால், எழுதிய டிஸ்க்கைக் கம்ப்யூட்டரிலேயே போட்டுப் பாருங்கள். இங்கே திக்கினால் டிஸ்க்கோ, எழுதிய விதமோ சரியில்லை. இங்கேயும் நன்றாக ஓடி, டிவியில் மட்டும் திக்கினால் பெரும்பாலும் பிட்ரேட் (நொடிக்கு எவ்வளவு தரவு என்ற அளவு), ஃபீல்டு ஆர்டர் இரண்டில் ஒன்று. அவற்றைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

இன்னொன்று, காதைத் தீட்டிக்கொண்டு கேளுங்கள். ஒலி தடையில்லாமல் போய்க்கொண்டிருக்க, படம் மட்டும் இடறினால் ஃப்ரேம் (வீடியோவின் ஒவ்வொரு தனிப்படம்) கணக்கில் கோளாறு. ஒலியும் சேர்ந்து அறுந்தால் பிளேயருக்குத் தரவு நேரத்துக்கு வந்து சேரவில்லை. நான் ஆரம்ப காலத்தில் இது தெரியாமல் ஏழெட்டு டிஸ்க்கை வீணாக்கியிருக்கிறேன். கடைசியில் பார்த்தால் மூல ஃபைலே விந்தி விந்தித்தான் ஓடிக்கொண்டிருந்தது.

கேள்வி: மேலே கேட்டவன்தான் சார். ஃபோல்டரிலேயே திக்குகிறது. ஒலியில் குறை இல்லை. கேமரா பக்கவாட்டில் நகரும் காட்சிகளில், கடிகாரம் வைத்தது போல நொடிக்கு ஒரு முறை ஒரு சின்ன இடறல். எந்த டிவி முறை, பாலா என்.டி.எஸ்.சி.யா என்று மென்பொருள் கேட்டபோது பால் என்று கொடுத்தேன்.

பதில்: 'நொடிக்கு ஒரு முறை' என்று எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. உங்கள் மூல ஃபைல் நொடிக்கு 23.976 ஃப்ரேம் கொண்டதாக இருக்கும். பால் டிவிடிக்கு (குடிக்கிற பால் இல்லை!) நொடிக்கு 25 ஃப்ரேம் வேண்டும், அளவு 720×576. குறைகிற ஒரு ஃப்ரேமுக்காக மென்பொருள் ஏதாவது ஒரு ஃப்ரேமை இரண்டு தடவை போட்டு ஒப்பேற்றுகிறது. அந்த இரட்டிப்புதான் உங்கள் கண்ணில் இடறுகிறது.

தீர்வு இரண்டு. என்.டி.எஸ்.சி. டிவிடியாகச் செய்வது முதல் வழி: 720×480, நொடிக்கு 29.97. 23.976-ஐ 3:2 புல்டவுன் என்ற முறையில் அதற்குள் அடக்கலாம். ஃப்ரேம்களை 23.976-ஆகவே வைத்துக்கொண்டு, எந்த ஃபீல்டை (ஒரு ஃப்ரேமின் பாதி வரிகள்) மறுபடி காட்ட வேண்டும் என்ற குறிப்பை மட்டும் ஃபைலில் எழுதிவிட்டால் போதும், மீதியைப் பிளேயர் பார்த்துக்கொள்ளும். இரண்டாவது வழி, படத்தை 4 சதவீதம் வேகமாக்கி 25-க்குக் கொண்டுவருவது. இரண்டு மணி நேரப் படம் ஏறக்குறைய 115 நிமிடமாகும், குரல் ஒரு துளி மெலியும். பெரும்பாலானவர்களுக்கு அது காதில் உறைக்காது.

நேர்மாறான தவறும் நிறைய நடக்கிறது. 30 ஃப்ரேம் வீடியோவைப் பாலாக மாற்றினால் ஆறில் ஒரு ஃப்ரேம் வெட்டுப்படும். அதாவது நொடிக்கு ஐந்து இடறல். வலிய ஒரு கணக்கை இன்னொன்றாக மாற்றாதீர்கள் என்பதுதான் என் கட்சி. மூலம் 25 அல்லது 50 என்றால் பால், 23.976, 29.97, 30, 60 என்றால் என்.டி.எஸ்.சி. பால் முறை உள்ள நாடுகளில் விற்ற பிளேயர்களில் பெரும்பாலானவை இரண்டையும் ஓட்டும். என்.டி.எஸ்.சி. நாட்டுப் பிளேயர்களை மட்டும் அப்படி நம்ப முடியாது, டிஸ்க்கை யாருக்காவது அனுப்பப் போகிறீர்கள் என்றால் விசாரித்துக்கொள்ளுங்கள். மூலம் எந்தக் கணக்கு என்பதை மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் ஒரு நொடியில் சொல்லிவிடும்.

கேள்வி: அண்ணா, போனில் எடுத்த குடும்ப விழா வீடியோவை மாற்றினேன். அங்கங்கே குதிக்கிறது. முதலில் உதடும் குரலும் சேர்ந்திருந்தன, போகப் போகப் பிரிந்துவிட்டன.

பதில்: தம்பி, போன் கேமராக்கள் பெரும்பாலும் சீரான ஃப்ரேம் ரேட்டில் எடுப்பதில்லை. வெளிச்சம் குறைந்தாலோ போன் சூடானாலோ 30 என்பது 24-க்கும் கீழே இறங்கும், பிறகு ஏறும். மீடியாஇன்ஃபோவில் ஃப்ரேம் ரேட் மோட் 'வேரியபிள்' என்று காட்டும். டிவிடியில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை, கடைசிவரை ஒரே சீராக இருக்க வேண்டும். ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃப்ரேம் ரேட்' என்பதைத் தேர்ந்தெடுத்து, 29.97 என்று வைத்து, தரத்தைக் குறைக்காமல் ஒரு இடைக்கால ஃபைல் தயாரியுங்கள். அதிலிருந்து டிவிடி செய்யுங்கள். உதட்டுப் பிரச்சினையும் பெரும்பாலும் கூடவே சரியாகிவிடும்.

கேள்வி: பழைய மினிடிவி கேமரா டேப்பிலிருந்து எடுத்த வீடியோ. ஆட்கள் அசையாமல் நின்றால் படம் அருமை. நடந்தால், ஓடினால் முன்னும் பின்னுமாக நடுங்குகிறது. ஆனால் டிவியில் மட்டும்தான்! கம்ப்யூட்டரில் எவ்வளவு தேடினாலும் குறை தெரியவில்லை.

பதில்: எனக்குப் பிடித்த கோளாறு இது, ஆளை ஏமாற்றுவதில் இதற்கு நிகர் கிடையாது. டேப் கேமரா ஒரு ஃப்ரேமை இரண்டு அரைப்படங்களாக எடுக்கிறது. இரட்டை வரிகள் ஒரு கணத்தில், ஒற்றை வரிகள் அடுத்த கணத்தில். இந்த அரைப்படத்துக்குத்தான் ஃபீல்டு என்று பெயர். மினிடிவி வகையில் கீழ் ஃபீல்டு முதலில் வரும். உங்கள் மென்பொருள் மேல் ஃபீல்டு முதல் என்று எழுதியிருக்கிறது. அதனால் 1, 2, 3, 4 என்று காட்ட வேண்டியதை டிவி 2, 1, 4, 3 என்று காட்டுகிறது. நடப்பவர் ஒரு அடி முன்னே வைத்து அரை அடி பின்னே வருகிறார். அசையாதவருக்கு இரண்டு ஃபீல்டும் ஒன்றுதான், அதனால் அங்கே நடுக்கமில்லை.

கம்ப்யூட்டர் பிளேயர்கள் பல நேரம் இரண்டு ஃபீல்டையும் சேர்த்தே ஒரு படமாகக் காட்டிவிடுவதால் வரிசைத் தவறு மறைந்துபோகிறது. விஎல்சியில் டீஇன்டர்லேஸை (ஃபீல்டுகளை முழுப்படங்களாக்கும் வசதி) இயக்கி, முறையை 'பாப்' (ஒவ்வொரு ஃபீல்டையும் தனித்தனியாகக் காட்டுவது) என்று வைத்துப் பாருங்கள், நடுக்கம் அங்கேயே வெளிப்படும். மறுபடி மாற்றும்போது ஃபீல்டு ஆர்டரை 'பாட்டம் ஃபர்ஸ்ட்' என்று கொடுங்கள். 1080 இன்டர்லேஸ் (இதுவும் ஃபீல்டுகளாக எடுப்பதுதான்) ஹெச்டி கேமராவாக இருந்தால் நேர் எதிர், மேல் ஃபீல்டு முதலில். அந்த வகையைச் சிறிதாக்கும்போது அப்படியே உயரத்தைக் குறைத்துவிடாதீர்கள், இரண்டு ஃபீல்டும் ஒன்றோடொன்று குழம்பி நிழல் அடிக்கும். முதலில் டீஇன்டர்லேஸ் செய்து, பிறகு அளவு மாற்றி, கடைசியில் மறுபடி இன்டர்லேஸ் செய்ய வேண்டும்.

கேள்வி: தரம் நன்றாக இருக்கட்டுமே என்று வீடியோ பிட்ரேட்டை 9.5 எம்பிபிஎஸ் வைத்தேன். ஒலி பிசிஎம். கூட்டம், தண்ணீர் தெறிக்கும் காட்சிகளில் படமும் ஒலியும் சேர்ந்து நிற்கின்றன.

பதில்: ஆசை அளவு மீறிவிட்டது. டிவிடியில் வீடியோவுக்கு உச்சவரம்பு 9.8, எல்லாம் சேர்ந்து 10.08 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட்). உங்கள் பிசிஎம், அதாவது சுருக்காத ஒலி மட்டுமே 1.5-ஐ விழுங்குகிறது. கூட்டிப் பாருங்கள், 11 வந்துவிட்டது. ஒலியை ஏசி-3 என்ற சுருக்கிய வகையாக்கி 192 அல்லது 224 கேபிபிஎஸ் கொடுங்கள், வீடியோவின் உச்சத்தை 8-இல் நிறுத்துங்கள். வீட்டில் எழுதிய டிஸ்க்கைப் படிக்கப் பிளேயர் ஏற்கனவே திணறும், அதன் தலையில் முழுச் சுமையையும் ஏற்ற வேண்டாம். சராசரி எவ்வளவு என்பது நீளத்தைப் பொறுத்தது. 4.7 ஜிபி டிஸ்க்கில் இரண்டு மணி நேரம் என்றால் எல்லாம் சேர்த்து 5.2-க்கு மேல் இடமே இல்லை. இரண்டு பாஸ் என்கோடிங் (முதல் முறை படத்தை அலசி, இரண்டாம் முறை மாற்றுவது) கொடுத்தால் அந்த இடத்தைக் கடினமான காட்சிகளுக்குப் பார்த்துப் பங்கிடும்.

கேள்வி: முதல் ஒரு மணி நேரம் சுத்தம். கடைசி இருபது நிமிடம் கட்டம் கட்டமாகச் சிதறுகிறது. 16 எக்ஸ் வேகத்தில் எழுதினேன், அழகாக ஸ்டிக்கரும் ஒட்டினேன்.

பதில்: ஸ்டிக்கரை மறந்துவிடுங்கள். காகிதம் ஒட்டிய டிஸ்க் சமநிலை இழந்து சுழலும். டிஸ்க் உள்ளிருந்து வெளியே எழுதப்படுகிறது, கடைசிக் காட்சிகள் விளிம்பில் இருக்கும், ஆட்டமும் எழுத்துப் பிழையும் அங்கேதான் அதிகம். 4 அல்லது 8 எக்ஸில் எழுதுங்கள், டிஸ்க்கை விளிம்புவரை நிரப்பாதீர்கள்.

கேள்வி: 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க். நடுவில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் அரை நொடி நிற்கிறது.

பதில்: லேசர் அடுத்த அடுக்குக்குத் தாவுகிறது. கோளாறு இல்லை. எழுதும்போது அந்த இடத்தைக் காட்சி மாறும் இடமாகத் தேர்ந்தெடுத்தால் கண்ணில் படாது.

கேள்வி: ஏற்கனவே எழுதிப் பலருக்கும் கொடுத்துவிட்ட டிவிடி திக்குகிறது. அதிலிருந்தே எடுத்துச் சரிசெய்ய முடியுமா அக்கா? (மன்னிக்கவும், நீங்கள் அண்ணாவா அக்காவா தெரியவில்லை.)

பதில்: அண்ணன்தான், பரவாயில்லை. ஃபீல்டு வரிசை மட்டும் தவறு என்றால் முடியும். டிவிடி வீடியோ வகையான எம்பெக்-2 ஃபைலில் அந்தக் குறியீட்டை மட்டும் மாற்றித் தரும் சிறு கருவிகள் உண்டு, மறுபடி என்கோட் செய்ய வேண்டாம். டிஸ்க் எழுதியதில் கோளாறு என்றால் ஹார்ட் டிஸ்க்கில் கிடக்கும் ஃபோல்டரை மெதுவான வேகத்தில் வேறு டிஸ்க்கில் எழுதுங்கள். ஆனால் மாற்றும்போது வெட்டுப்பட்ட ஃப்ரேம் டிவிடிக்குள் எங்கேயும் இல்லை. அதற்கு மூல ஃபைலுக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். இடம் போதவில்லை என்று அதை அழித்திருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.